கிளைவிடும் எண்ணம்

எழுத்து ஒரே பாதையில் நடப்பது. ஒரு சொல்லை அடுத்து மற்றொரு சொல், ஒரு வரியின் கீழ் மற்றொரு வரி என்று அது முறையாகச் செல்கிறது. எண்ணமோ அவ்வாறு செல்வதில்லை. 'மழை' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் ஒருவருக்குக் குடை நினைவுக்கு வருகிறது, மற்றொருவருக்கு வயல், வேறொருவருக்குப் பள்ளி விடுமுறை. ஒருவர் உள்ளத்திலேயே இம்மூன்றும் ஒரே நொடியில் எழுவதும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பிடித்து எழுதத் தொடங்கும்போது மற்ற இரண்டும் நழுவிவிடுகின்றன. நழுவாமல் காக்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று, எண்ணங்களைக் கிளைகளாக வரைந்து பார்ப்பது. இன்று அதனை 'மன வரைபடம்' என்கின்றனர். சுவரொட்டி, நூலின் மேலட்டை, நிறுவனச் சின்னம் ஆகியவற்றை ஆக்கும் வரைகலைஞர் பலர், படம் தீட்டத் தொடங்குமுன் இத்தகைய கிளைப்படம் ஒன்றைத் தாளில் இட்டுக்கொள்கின்றனர். அதன் வரலாற்றையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே, 'கிளை' என்னும் சொல்லுக்குத் தமிழில் மரத்தின் கொம்பு என்பதோடு சுற்றம் என்னும் பொருளும் உண்டு. கிளைஞர் என்றால் உறவினர். ஒரு குடும்பத்தின் வழிமுறையைக் காட்டும் படத்தைக் 'கொடிவழி' என்கிறோம். ஆகவே, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து, பிறந்தவை தம்முள் உறவுடையனவாய் நிற்பதைச் செடிகொடிகளின் வடிவில் காண்பது நமக்குப் புதிதன்று. மேலை நாடுகளிலும் அவ்வாறே. ஆயினும், உறவை வரைவதற்கும் எண்ணத்தை வரைவதற்கும் இடையே நீண்ட தொலைவு இருந்தது. அத்தொலைவைக் கடக்க ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தைர் நகரத்தில் பிறந்த போர்பிரி என்னும் அறிஞர், அரிஸ்டாட்டிலின் தருக்க நூலுக்கு ஓர் அறிமுகம் எழுதினார். உள்பொருள் யாவும் உடலுடையது, உடலற்றது என இரண்டு. உடலுடையதில் உயிருள்ளது, உயிரற்றது என இரண்டு. உயிருள்ளதில் உணர்வுடையது, உணர்வற்றது என இரண்டு. இவ்வாறு பிரித்துக்கொண்டே போனால் இறுதியில் மனிதனும், மனிதருள் சாக்ரட்டீசும் பிளேட்டோவும் வந்து நிற்பர். அவர் மரம் எதையும் வரையவில்லை. பின்வந்த இடைக்கால ஆசிரியர்களே அப்பிரிவுகளை அடிமரமும் கிளைகளுமாகத் தீட்டி, அதற்குப் 'போர்பிரியின் மரம்' என்று பெயரிட்டனர். பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவர்கள் அம்மரத்தை நெட்டுருச் செய்தனர்.

அடுத்து நினைக்கத்தக்கவர் மயோர்க்கா தீவில் பிறந்த இராமோன் யுல். 1295, 1296ஆம் ஆண்டுகளில் அவர் இயற்றிய பெருநூலுக்கு 'அறிவு மரம்' என்றே பெயர். அந்நூலில் உள்ளவை பதினாறு மரங்கள். ஒவ்வொன்றுக்கும் வேர், அடிமரம், கிளை, சிறு கொம்பு, இலை, பூ, கனி என்னும் ஏழு உறுப்புகளும் உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருளும் உண்டு. அக்காலத்து அறிவு முழுவதையும் ஒரு தோப்பாக நட்டுவிட வேண்டும் என்பது அவருடைய பேராசை. அந்த ஆசையை நான் வியக்கிறேன். ஆனால் அத்தோப்பில் உலவும்போது சற்றே மூச்சு முட்டுகிறது. எல்லாம் முன்னமே முடிவு செய்யப்பட்டு, இலைகூட எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒரு தளிர் விட அங்கே இடமில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் பாரிசில் ஆசிரியராக விளங்கிய பீட்டர் ராமஸ் மரத்தைப் படுக்கவைத்தார் எனலாம். இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் அடைப்புக் கோடுகளால் இரண்டிரண்டாகப் பிரியும் பகுதிகள். பாடத்தை ஒரே பக்கத்தில் அடக்கும் இம்முறை அச்சு நூல்களின் துணையோடு எங்கும் பரவியது. 1751இல் பிரான்சில் வெளிவரத் தொடங்கிய புகழ்பெற்ற கலைக்களஞ்சியமும் தன் முகப்பில் அறிவின் கிளைப்படம் ஒன்றைத் தாங்கியிருந்தது. நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்னும் மூன்று பெருங்கிளைகள் அதில் உண்டு. வரலாறு முதற்கிளையிலும், மெய்யியலும் அறிவியலும் இரண்டாவதிலும், கவிதை மூன்றாவதிலும் அமைந்தன.

இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவை அறிந்ததை அடுக்கி வைக்கும் படங்கள். வீட்டில் உள்ள பாத்திரங்களைப் பரணில் ஒழுங்காக அடுக்குவது போன்ற பணி அது. பயனுள்ள பணியே, ஆனால் அடுக்குவதால் பாத்திரம் ஒன்று கூடிவிடாது. அறியாததைத் தேடுவதற்குக் கிளைப்படம் துணை செய்யும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் ஏடு ஒன்று 1837ஆம் ஆண்டில் இலண்டனில் எழுதப்பட்டது.

சார்லஸ் டார்வின் அப்போது இருபத்தெட்டு வயது இளைஞர். 'பீகிள்' என்னும் கப்பலில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி, முந்திய ஆண்டு அக்டோபரில் தாயகம் திரும்பியிருந்தார். 1837 ஜூலையில் ஒரு சிறு குறிப்பேட்டைத் தொடங்கினார். அதன் முப்பத்தாறாம் பக்கத்தின் தலைப்பில், 'நான் எண்ணுகிறேன்' என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்கள் உள்ளன. அதற்குக் கீழே வாக்கியம் தொடரவில்லை. படம் ஒன்று கிளம்புகிறது. அடியில் 1 என்னும் எண். அங்கிருந்து நாற்புறமும் கோணலாகப் பிரியும் கோடுகள். சில கோடுகளின் முனையில் குறுக்காக ஒரு சிறு கோடு. அவை இன்றும் வாழும் இனங்கள். குறுக்குக் கோடு இல்லாமல் நின்றுவிட்டவை மறைந்துபோன இனங்கள். நான்கு முனைகளில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள்.

அழகான படமன்று அது. ஓவிய ஆசிரியர் எவரும் அதற்கு மதிப்பெண் தரமாட்டார். ஆனால் அப்பக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். முடிவு செய்த பின் வரைந்த படமன்று அது; வரைந்துகொண்டே முடிவைத் தேடிய படம். எந்த இனம் எந்த இனத்துக்கு அண்மையில் உள்ளது, இடையே எத்தனை மறைந்திருக்க வேண்டும் என்னும் வினாக்கள் கோட்டின் வளைவிலிருந்தே பிறக்கின்றன. படத்தைச் சுற்றிப் பக்கத்தின் ஓரங்களில் நெருக்கமாக எழுதப்பட்ட குறிப்புகள், படம் கேட்ட கேள்விகளுக்கு அவர் கூறிய விடைகள் போல் தோன்றுகின்றன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1859இல், உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அந்நூல் முழுவதிலும் உள்ள படம் ஒன்றே ஒன்று. அதுவும் கிளைப்படமே.

அக்குறிப்பேட்டின் பிற்காலக் கதை துப்பறியும் கதை போன்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அந்த ஏடும் அதனோடு இணைந்த மற்றோர் ஏடும் 2001ஆம் ஆண்டில் தம் இடத்தில் இல்லை என்று கண்டறியப்பட்டது. எங்கோ தவறான அடுக்கில் இருக்கும் என்று நெடுங்காலம் தேடினர். களவு போயின என்று 2020இல் உலகுக்கு அறிவித்தனர். 2022 மார்ச்சில், இளஞ்சிவப்பு நிறப் பரிசுப் பை ஒன்றில், நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்துக் கூறும் ஒரு சிறு தாளோடு, இரண்டும் நூலகத்தில் சேதமின்றி வந்து சேர்ந்தன.

இனி அட்லாண்டிக் கடலைக் கடந்து விளம்பர உலகுக்குள் நுழைவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிய எண்ணங்கள் விற்பனைச் சரக்காகிவிட்டன. சோப்புக்கு ஒரு பெயர் வேண்டும். வங்கிக்கு ஒரு சின்னம் வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றன் தலைவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பார்ன், பலரை ஓர் அறையில் கூட்டி எண்ணங்களைக் கொட்டச் செய்யும் முறை ஒன்றை வகுத்தார். 'பிரெயின்ஸ்டார்மிங்' என்று அதற்குப் பெயர். மூளைப்புயல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். 1953இல் வெளியிட்ட நூலில் அதன் விதிகளை விரிவாக எழுதினார். எந்த எண்ணத்தையும் அப்போதே குறை கூறலாகாது. விசித்திரமான எண்ணத்தையும் வரவேற்க வேண்டும். எண்ணிக்கை மிகுதியாக இருத்தல் வேண்டும். பிறர் கூறியதோடு நம்முடையதைச் சேர்த்து வளர்க்க வேண்டும். இவை விதிகளின் சாரம்.

விதிகள் நல்லவை. கூட்டம் நல்லதா என்பதே கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்லர், பெர்ரி, பிளாக் என்னும் மூவர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. தொண்ணூற்றாறு மாணவர்களை எடுத்துக்கொண்டனர். பாதிப் பேர் நால்வர் நால்வராகப் பன்னிரண்டு குழுக்களில் அமர்ந்தனர். மற்றப் பாதிப் பேர் தனித்தனியே எண்ணினர். கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று சுவையானது: மனிதர் கைகளில் கூடுதலாக ஒரு கட்டைவிரல் முளைத்தால் என்னென்ன நன்மையும் தொல்லையும் விளையும்? தனியே எண்ணிய நால்வருடைய விடைகளை ஒன்று சேர்த்து, திரும்ப வந்தவற்றை நீக்கி எண்ணினர். கூடிப் பேசிய நால்வர் தந்ததைவிட அவை ஏறத்தாழ இரு மடங்கு இருந்தன!

ஏன்? அடுத்து முப்பது ஆண்டுகளில் பலர் இதனை ஆராய்ந்தனர். 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு காட்டிய முதன்மையான காரணம் மிக எளியது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது தம் எண்ணத்தை மறந்துவிடுகின்றனர். அல்லது அதையே பிடித்துக்கொண்டு அடுத்ததை எண்ணாமல் இருந்துவிடுகின்றனர். பேச்சும் எழுத்தைப் போலவே ஒற்றையடிப் பாதை. ஒரு நேரத்தில் ஒருவரே அதில் நடக்க இயலும். தாள் அத்தகையதன்று. தாளில் குடையும் வயலும் விடுமுறையும் ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆகவே, முதலில் ஒவ்வொருவரும் தனியே தாளில் கிளைவிட்டுப் பார்த்து, பின்னர்க் கூடிப் பேசுவதே தக்கது என்பது என் கருத்து. பேச்சுப் போட்டிக்கும் கல்லூரி மலருக்கும் குழுவாகத் திட்டமிடும் மாணவர்கள் இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

'மைண்ட் மேப்' என்னும் பெயரோடு இம்முறையை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பியூசான். 1942இல் பிறந்து 2019இல் மறைந்தவர். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரும், அதனோடு வந்த நூலும் பெரும்புகழ் பெற்றன. தாளை அகலவாக்கில் வைக்க வேண்டும், நடுவில் சொல்லுக்கு மாறாகப் படம் வரைவது சிறப்பு, கிளைகள் வளைந்து செல்ல வேண்டும், ஒரு கிளைக்கு ஒரே சொல், கிளைக்கொரு வண்ணம். இவை அவர் விதித்த முறைகள். மூளையின் இடப்பாதி தருக்கத்துக்கும் வலப்பாதி கற்பனைக்கும் உரியவை என்றும், தம் முறை இரண்டையும் ஒருங்கே இயக்கும் என்றும் அவர் கூறிவந்தார். மூளை அவ்வளவு எளிதாகப் பாகம் பிரித்துக்கொண்ட வீடன்று என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு. மருத்துவரின் விளக்கம் பிழையாக இருந்தாலும் மருந்து வேலை செய்வதுண்டு அல்லவா? பியூசானின் படமும் அத்தகையது. ஆனால் வண்ணப் பேனாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு படத்தை அழகுபடுத்துவதிலேயே மாலைப் பொழுதைக் கழிக்கும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். டார்வினுக்கு ஒரே மை போதுமானதாக இருந்தது.

வரைகலையில் இப்படம் எவ்வாறு பயன்படுகிறது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று மக்களுக்குக் கூறும் சுவரொட்டி ஒன்று வேண்டும் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்கள் தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நீங்கள் அறிந்ததே. இத்தகைய சுவரொட்டி என்றவுடன் பெரும்பாலோர் உள்ளத்தில் முதலில் எழுவது ஒரு நீர்த்துளியும் அதைத் தாங்கும் இரு கைகளும். அது தவறன்று, ஆனால் எல்லோரும் அதையே வரைவதால் அதனை எவரும் பார்ப்பதில்லை.

தாளின் நடுவில் 'மழைநீர்ச் சேமிப்பு' என்று எழுதுவோம். 'மழை' என்று ஒரு கிளை: அதிலிருந்து மேகம், இடி, குடை, நனைதல். குடையிலிருந்து மேலும் ஒரு கொம்பு: கைப்பிடி, கம்பி, தடுத்தல். 'சேமிப்பு' என்று மற்றொரு கிளை: அதிலிருந்து உண்டியல், வங்கி, பானை. பானையிலிருந்து: வாய், வயிறு, நிறைதல். 'வீடு' என்று மூன்றாவது கிளை: ஓடு, முற்றம், கிணறு. இதுவரை செய்தது போர்பிரியும் செய்திருக்கக் கூடியதே. இனிமேல்தான் வேலை தொடங்குகிறது. ஒரு கிளையின் நுனியையும் தொலைவிலுள்ள வேறொரு கிளையின் நுனியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்க்க வேண்டும். குடைக்கும் பானைக்கும் கோடு போடுவோம். குடை மழையைத் தடுப்பது. பானை நீரை ஏற்பது. ஒன்று கவிழ்ந்த வடிவம். மற்றொன்று நிமிர்ந்த வடிவம். குடையைத் தலைகீழாகத் திருப்பினால்? அதுவே நீர் நிறைந்த பாத்திரமாகிவிடுகிறது. தலைகீழான குடையில் மழை நிறைவதாக வரைந்தால், கீழே எழுதவேண்டிய வாசகம் மிகக் குறைவு. தடுப்பதை விட்டு ஏற்றுக்கொள் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

அச்சுவரொட்டி மழை என்னும் கிளையிலும் இல்லை. சேமிப்பு என்னும் கிளையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, முன்பு வெற்றிடமாக இருந்த தாளில் அது பிறந்தது. பழைய அறிவு மரங்களில் கிளைக்கும் கிளைக்கும் இடையே கோடு இழுக்க எவரும் துணியார். இழுத்தால் வகைப்பாடு குலைந்துவிடும். மன வரைபடத்தின் உயிரே அக்குறுக்குக் கோட்டில்தான் இருக்கிறது. கிளைகளை நிறைய விட்டுவிட்டு, குறுக்குக் கோடு ஒன்றும் இழுக்காமல் எழுந்துவிடுபவர் வயலை உழுது, விதைக்காமல் வீடு திரும்பியவர் ஆவார்.

பெரும் வரைகலைஞர்கள் எல்லோரும் தாளில் கிளைப்படம் வரைந்தனர் என்று நான் கூறவில்லை. பலர் அதனை உள்ளத்திலேயே வரைந்துவிடுகின்றனர். ஆனால் முடிந்த சின்னத்திலிருந்து பின்னோக்கி நடந்தால், எந்தக் கிளைகள் சந்தித்தன என்பதை நாம் காணலாம்.

நியூயார்க் நகரம் 1975இல் ஓட்டாண்டியாகும் நிலைக்கு வந்திருந்தது. குற்றங்கள் பெருகியிருந்தன. மாநில அரசு, பயணிகளை ஈர்க்கும் பொருட்டு, நியூயார்க்கை நேசிக்கிறேன் என்னும் பொருளுடைய வாசகத்தோடு ஓர் இயக்கம் தொடங்க விரும்பியது. மில்டன் கிளேசர் என்னும் வரைகலைஞர் அதற்கு ஒரு வடிவம் தந்தார். அது ஏற்றுக்கொள்ளவும் பட்டது. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் உள்ளமோ கிளைவிடுவதை நிறுத்தவில்லை. பின்னர் ஒரு நாள் வாடகைக் காரில் செல்லும்போது, கிழிந்த தபால் உறை ஒன்றன் மேல் சிவப்புக் கட்டிக்கோலால் வேறொன்றைக் கிறுக்கினார்: 'நான்' என்னும் பொருளுடைய ஓர் ஆங்கில எழுத்து, ஓர் இதயம், ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இரண்டு. முதலாவது ஒரு முழுச் சொல். இரண்டாவது உணர்ச்சிக்கு நிற்கும் படம். மூன்றாவது இடத்துக்கு நிற்கும் சுருக்கம். சொல், படம், சுருக்கம் என மூன்று வேறு கிளைகளிலிருந்து வந்தவை ஒரு வாக்கியமாக நின்றன. 1977இல் தொடங்கிய இயக்கத்தில் அது பரவியது. கிளேசர் அதற்குக் கூலி பெறவில்லை. அந்தத் தபால் உறை நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2020இல் தம் தொண்ணூற்றோராம் பிறந்த நாளன்று அவர் மறைந்தார்.

நமக்கு அண்மையில் உள்ள சான்று ஒன்றும் உண்டு. இந்திய ரூபாய்க்கு ஒரு சின்னம் வேண்டும் என்று நடுவண் அரசு 2009இல் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் உதயகுமார் என்னும் தமிழ் இளைஞர் ஆக்கியதை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அவர் அப்போது பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புத் துறை ஆய்வு மாணவர். தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர்.

அச்சின்னத்திலிருந்து பின்னோக்கி நடப்போம். ஒரு கிளை, எழுத்து. அதில் இரண்டு கொம்புகள்: தேவநாகரியின் ரகரம், உரோமானிய எழுத்தாகிய ஆர், அதன் நெடுங்கோடு நீங்கலாக. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வளைவும் சாய்கோடும் பொருந்திவிடுகின்றன. மற்றொரு கிளை, நாணயச் சின்னங்களின் மரபு. பவுனுக்கும் யென்னுக்கும் யூரோவுக்கும் குறுக்குக்கோடு உண்டு; ஆகவே இதற்கும் வேண்டும். மூன்றாவது கிளை, நாடு. அதிலிருந்து கொடி, கொடியிலிருந்து கிடைநிலைப் பட்டைகள். தேவநாகரி எழுத்துக்கு இயல்பாகவே தலைக்கோடு ஒன்று உண்டு. தமிழ் எழுத்துக்கு அது இல்லை. தலைக்கோட்டின் கீழ் இன்னொரு கோட்டை இட்டவுடன், எழுத்தின் உறுப்பு, நாணயத்தின் குறுக்குக்கோடு, கொடியின் பட்டை என்னும் மூன்றும் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. இரு கோடுகளும் சேர்ந்து கணக்கில் வழங்கும் சமக்குறியாகவும் தோன்றுகின்றன. இரண்டே கோடுகள், நான்கு பொருள்கள்.

போட்டிக்கு வந்த வடிவங்கள் பலவும் உரோமானிய எழுத்தையோ தேவநாகரியையோ தனியே அழகுபடுத்த முயன்றிருக்கக் கூடும். அது ஒரு கிளையிலேயே நெடுந்தொலைவு செல்வதாகும். வென்ற சின்னம் எந்தக் கிளையிலும் அதிகத் தொலைவு செல்லவில்லை. கிளைகள் கூடும் இடத்தில் நின்றது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய நாணயங்களில் அது பொறிக்கப்பட்டது. உங்கள் சட்டைப்பையில் அதற்குப் பின் வந்த நாணயம் ஒன்று இருக்குமானால் எடுத்துப் பாருங்கள். எண்ணுக்கு மேலே அந்த இரண்டு கோடுகளும் தெளிவாகத் தெரியும்.